தேய்ந்த நடுப்புள்ளி

"மாமா, நான் கையை எடுத்துட்டேன். நீங்களே பாருங்க."

என் அக்கா மகன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். கைப்பிடியை யாரும் தொடவில்லை. ஆனாலும் திரையில் விமானம் இடது பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை கொஞ்சம் கொஞ்சமாக வலது ஓரத்துக்கு நழுவிப் போனது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன். ஒவ்வொரு தரையிறக்கத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம், சக்கரம் எங்கே தொட்டது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த வாரம் எழுதிய பதினோரு வரிகளில் ஒன்பதில் 'இடது' என்ற சொல் இருந்தது. தன் கைதான் சரியில்லை என்று அவன் நினைத்திருந்தான். அதுதான் எனக்கு வலித்தது.

ஜாய்ஸ்டிக் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. விசாரித்ததில், உள்ளே ஒரு பாகத்தை மட்டும் மாற்றித் தரும் வழக்கம் இல்லை, முழுசாகப் புதிது வாங்குங்கள் என்றார்கள். அடிப்பாகத்தில் இருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். பிளாஸ்டிக் நன்றாக இருந்தது. ஸ்பிரிங் நன்றாக இருந்தது. பொத்தான்கள், மின்பலகை, ஒயர் எல்லாமே நன்றாக இருந்தன. சந்தேகம் இரண்டே பாகங்களின் மேல்தான். ஐம்பது பைசா நாணயத்தைவிடக் கொஞ்சம் குறைந்த அகலத்தில், மூன்று கால்களோடு இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள். கடைக்காரர்கள் சுருக்கமாகப் 'பாட்' என்பார்கள்.

பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகிய குமிழுக்குப் பின்னால் இருந்ததும் இதே பொருள்தான். குதிரை லாட வடிவத்தில் ஒரு கார்பன் தடம். அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் வைப்பர் என்ற சின்ன உலோகக் கை. தடத்தின் ஒரு முனையில் 5 வோல்ட், மறுமுனையில் பூஜ்யம். கை எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்கான மின்னழுத்தம் நடுக்கால் வழியாக வெளியே வரும். சரிபாதியில் நின்றால் இரண்டரை வோல்ட். கைப்பிடி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் கணினி இந்த ஒரு எண்ணைக் கொண்டுதான் தெரிந்துகொள்கிறது. உரசினால்தான் அளக்க முடியும், உரசினால் தேயும். ரேடியோவில் அந்தத் தேய்மானம் கரகரப்பாகக் கேட்டது. ஜாய்ஸ்டிக்கில் அது விமானத்தைச் சாய்க்கிறது.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கழற்றிய பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் டிஜிட்டல் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, பழைய முள் மீட்டரை எடுத்தார். தண்டை மெல்லத் திருகினார். முள் சீராக ஏறி வந்து, நடுவில் ஒரு துள்ளு துள்ளி, மறுபடியும் சீராக ஏறியது.

"பாத்தேளா அண்ணாச்சி, நடுவுலதான் தேஞ்சிருக்கு. ரேடியோன்னா அந்த வீட்டுல எவ்வளவு சத்தம் வைப்பாங்களோ அந்த இடத்துல தேயும். இது எப்பவும் நடுவுலயே நிக்கும்போல."

அவர் ஜாய்ஸ்டிக் எதையும் கழற்றிப் பார்த்தவர் இல்லை. ஆனால் விஷயத்தின் மையத்தைத் தொட்டுவிட்டார். கைப்பிடியை ஸ்பிரிங் எப்போதும் நடுவுக்கே இழுத்து வருகிறது. நேராகப் பறக்கும்போது பத்தில் ஒன்பது அசைவுகள் நடுவைச் சுற்றி ஓரிரு டிகிரிக்குள்தான் நடக்கும். அதனால் தடத்தில் முதலில் சாவது நடுப்பகுதி. விமானத்துக்கு மிக நுட்பமான கட்டுப்பாடு தேவைப்படுவதும் அதே இடத்தில்தான். ஓடுபாதைக்கு நேராக வருவதானாலும், போர் விமான விளையாட்டில் எரிபொருள் விமானத்தின் பின்னால் ஒட்டிப் பறந்து எரிபொருள் வாங்குவதானாலும், எல்லாம் நடுவைச் சுற்றிய மயிரிழை அசைவுகள். ஓரங்களில் தேய்ந்திருந்தால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

இதை மறைக்க மென்பொருளில் ஒரு வழி உண்டு. நடுவைச் சுற்றிச் சில சதவீதத்தை 'டெட் ஸோன்' என்று அறிவித்து, அதற்குள் வரும் எதையும் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிடலாம். சாய்வு நிற்கும். அதோடு நுட்பமும் போய்விடும். கைப்பிடியை அசைத்தாலும் சிறிது தூரத்துக்கு எதுவும் நடக்காது, பிறகு திடீரென்று வெட்டி இழுக்கும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடிப்பது இன்னொரு வழி. தூசியும் கரியும்தான் காரணம் என்றால் பலன் உண்டு. தடமே தேய்ந்திருந்தால் சில வாரங்களில் பழைய கதைதான்.

நாற்பது ஆண்டுப் பழைய நோய்

வீட்டுக் கணினியும் ஜாய்ஸ்டிக்கும் சேர்ந்தபோதே இந்தப் பாட்டும் கூட வந்துவிட்டது. ஐ.பி.எம். நிறுவனம் 1981-ல் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரோடு ஜாய்ஸ்டிக் இணைக்கும் அட்டை ஒன்றையும் விற்றது. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லு அன்று விலை அதிகம். அதனால் பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். பாட் வழியாக ஒரு மின்தேக்கியை நிரப்பினார்கள், அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணினியை எண்ண வைத்தார்கள். 1,00,000 ஓம் வரை போகும் பாட் என்றால் அந்த நேரம் அதிகபட்சம் ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல். கடிகாரத்தால் கோணத்தை அளந்த அந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் பிடிக்கிறது. ஆனால் அடியில் உரசிக்கொண்டிருந்தது கார்பன் தடம்தான்.

உரசாத வழிகள் இல்லாமல் இல்லை. மைக்ரோசாஃப்ட் 1990-களின் நடுவில் கொண்டுவந்த சைட்வைண்டர் ஜாய்ஸ்டிக்குகளில் ஒளியால் நிலையை அளந்தார்கள். ஜப்பானின் சேகா நிறுவனம் 1996-ல் சாட்டர்ன் விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட முப்பரிமாணக் கைக்கருவியில் காந்தமும், அதன் புலத்தைத் தொடாமலே அளக்கும் ஹால் சென்சாரும் இருந்தன. 1998-ல் வந்த டிரீம்காஸ்ட்டிலும் அப்படியே. பிறகு சந்தையை ஆண்ட பெரிய நிறுவனங்கள் மலிவான, சிறிய கார்பன் பாட் தொகுதிகளுக்கே போய்விட்டன. தொழில்நுட்பம் முன்னே போய், பிறகு விலைக்காகப் பின்னே வந்த கதை இது.

அதன் விலையை வாங்கியவர்கள் கொடுத்தார்கள். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2017-ல் வந்தது. அதன் ஜாய்-கான் கைக்கருவிகளில் குச்சி தானாக நகரும் கோளாறுக்கு 'டிரிஃப்ட்' என்று பெயரே வந்துவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2020 ஜூனில் அந்நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு ஏறக்குறைய 25,000 புகார்களைத் திரட்டிக்கொண்டு ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. அதே 2021-ல் பழுதுநீக்கக் கையேடுகளுக்குப் பேர்போன ஐஃபிக்ஸிட் நிறுவனம் பிளேஸ்டேஷன் 5-ன் கைக்கருவியைக் கழற்றிப் பார்த்தது. உள்ளே இருந்த ஆல்ப்ஸ் நிறுவனத் தொகுதியின் ஆயுள் 20 லட்சம் சுழற்சிகள் என்று அதன் தரவுத்தாள் சொன்னது. வேகமான துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் குச்சி எத்தனை முறை அசைகிறது என்று எண்ணிக் கணக்குப் போட்டார்கள். 417 மணி நேரம் வந்தது. நாளுக்கு இரண்டு மணி நேரம் விளையாடினால் ஏழு மாதம். தரவுத்தாளில் இந்த எண் ஆரம்பத்திலிருந்தே அச்சாகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு பொருள் எப்போது தேயும் என்று தெரிந்தே, அதைச் சுலபமாக மாற்ற முடியாதபடி பலகையோடு சேர்த்துப் பற்றவைத்து விற்கிறார்கள். இதை நான் நேர்மையான வடிவமைப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதற்கெல்லாம் வெகு முன்பே வீட்டு மேசையில் விடை தேடியவர்கள் விமான விளையாட்டு ரசிகர்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த த்ரஸ்ட்மாஸ்டர் கூகர், எஃப்-16 விமானத்தின் கைப்பிடியை அப்படியே உலோகத்தில் வார்த்த விலையுயர்ந்த ஜாய்ஸ்டிக். உள்ளே பாட். உடம்பு ஒரு தலைமுறை உழைக்கும், பாட் உழைக்காது. உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டுக் காந்த சென்சார் பொருத்தத் தொடங்கினார்கள். ருஷ்ய மொழி பேசும் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகைகளுக்கு மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். பழைய ஜாய்ஸ்டிக்கின் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு, மூளையையும் நரம்பையும் புதிதாகப் போட்டுக்கொள்ள வழி பிறந்தது. பழைய பதினைந்து முள் இணைப்பு உள்ள ஜாய்ஸ்டிக்குகளுக்கு அது தவிர்க்க முடியாத வழி. அவற்றில் கணினி எதிர்பார்ப்பது மின்தடையை. ஹால் சென்சார் தருவதோ மின்னழுத்தம். நேராகப் பொருத்தினால் வேலை செய்யாது. நாங்கள் கழற்றியது யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக். அதன் பலகை மின்னழுத்தத்தையே படிக்கிறது என்பதால் எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது.

தங்க ரேக்கில் கண்ட விசை

1879. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். எட்வின் ஹால் என்ற 23 வயது ஆராய்ச்சி மாணவர் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லின் நூலைப் படித்துக்கொண்டிருந்தார். காந்தத்தின் விசை மின்சாரம் ஓடும் கம்பியின் மேல்தான் செயல்படுகிறது, ஓடும் மின்சாரத்தின் மேல் அல்ல என்று அதில் எழுதியிருந்தது. மாணவருக்கு அது ஒப்பவில்லை. கம்பிக்கு மேல் விசை வருவதே மின்சாரத்தால்தானே என்று யோசித்தார். பேராசிரியர் ஹென்றி ரோலண்ட் தடித்த உலோகத்துக்குப் பதிலாகத் தங்க ரேக்கில் முயன்று பார்க்கச் சொன்னார். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய தங்க ரேக்கின் நீளவாக்கில் மின்சாரத்தை விட்டு, வலிமையான காந்தத்தின் நடுவே வைத்தார் ஹால். ரேக்கின் குறுக்கே, இரண்டு ஓரங்களுக்கும் இடையில், மிகச் சிறிய மின்னழுத்தம் எழுந்தது. ஓடும் மின்சாரத்தைக் காந்தம் ஓரமாகத் தள்ளுகிறது. எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. ஓடுவது எது என்று தெரியாமலே அது தள்ளப்படுவதை அளந்துவிட்டார்.

குறைக்கடத்திகளில் இதே விளைவு பல மடங்கு பெரிதாகத் தெரியும். 1968-ல் அமெரிக்காவின் மைக்ரோ ஸ்விட்ச் நிறுவனம், ஹனிவெல்லின் ஒரு பிரிவு, ஒவ்வொரு விசைக்கடியிலும் ஹால் சில்லு வைத்துக் கணினி விசைப்பலகை செய்தது. இன்று மின்சார ஸ்கூட்டரின் ஆக்ஸிலேட்டர் பிடியைத் திருகும்போதும் உள்ளே காந்தம் சுழல்கிறது, ஹால் சென்சார் அதைப் பார்க்கிறது. சாலையில் ஓடும் வண்டியில் கார்பன் தடம் துள்ளினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் உரசாத அளவைதான் சரி என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

மேசையில் செய்த வேலை

நாங்கள் வாங்கியது எஸ்.எஸ்.49இ என்ற சென்சார். மூன்று கால், உளுந்தம்பருப்பு அளவு தலை. காந்தம் பக்கத்தில் இல்லாதபோது, 5 வோல்ட் கொடுத்தால் இரண்டரை வோல்ட் தரும். ஒரு துருவம் நெருங்கினால் ஏறும், மறு துருவம் நெருங்கினால் இறங்கும். காந்தப்புலத்தை அளக்கும் அலகு காஸ். ஒவ்வொரு காஸுக்கும் 1.4 மில்லிவோல்ட். தேய்ந்த பாட் தருவதாகச் சொன்ன அதே நடுமதிப்பு இதிலும் இருக்கிறது என்பதுதான் இந்த மாற்றத்தையே சாத்தியமாக்குகிறது.

பழைய பாட்டைத் தூக்கிப்போடவில்லை. அதன் தண்டும் பித்தளைக் கழுத்தும் நல்ல பேரிங். பின்மூடியைத் திறந்து, கார்பன் தடத்தையும் வைப்பரையும் எடுத்துவிட்டோம். அப்போதுதான் தடத்தை லென்ஸ் வழியாகப் பார்த்தோம். கறுப்பு லாடத்தின் நடுவில் நெல் நீளத்துக்கு ஒரு வெளிறிய கீறல். பையன் அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்டின் முனையில் 'ப' வடிவத்தில் வளைத்த அலுமினியப் பட்டையை ஒட்டினோம். இரும்பு என்றால் காந்தப்புலத்தை அது மாற்றிவிடும். பட்டையின் இரு கைகளிலும் உட்பக்கமாக 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு நியோடிமியம் காந்தங்கள், ஒன்றையொன்று இழுக்கும் முகங்கள் எதிரெதிரே, இடைவெளி 10 மில்லிமீட்டர். நடுவில் அசையாமல் நிற்கும்படி சென்சார். காந்தங்கள் அதைச் சுற்றிச் சுழலும், எதுவும் எதையும் தொடாது. இந்த அமைப்பில் நடுவில் கிட்டத்தட்ட 900 காஸ் புலம் இருக்கும். சென்சாரின் முகம் புலத்துக்கு இணையாக நின்றால் இரண்டரை வோல்ட். தண்டு திரும்பத் திரும்ப மின்னழுத்தம் கோணத்தின் சைன் மதிப்பைப் பின்பற்றும்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வெறும் அட்டவணையாகப் படித்த சைன் அவன் மேசைக்கு வந்தது. கைப்பிடி நடுவிலிருந்து 25 டிகிரிதான் சாய்கிறது. அந்த அளவுக்கு சைன் வளைவு ஏறக்குறைய நேர்கோடு, கடைசியில் நூற்றுக்கு மூன்று பங்கு மட்டும் குறையும். அவனே காகிதத்தில் போட்டுப் பார்த்தான். மின்னழுத்தம் ஏறக்குறைய 1.97-லிருந்து 3.03 வரை போக வேண்டும் என்று வந்தது.

"ஐயோ, அஞ்சு வோல்ட்ல ஒரு வோல்ட்தான் கிடைக்குது மாமா."

கவலை நியாயமானது. 1024 படிகளாகப் பிரித்துப் படிக்கும் பலகையில் இது சுமார் 217 படிகள்தான். ஆனால் பழைய பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதன் முழுச் சுழற்சி சுமார் 300 டிகிரி. கைப்பிடி அதில் 50 டிகிரியை மட்டுமே பயன்படுத்தியது. ஆறில் ஒரு பங்கு, 170 படிகள். புதிதாக வந்தது குறைவில்லை. இன்னும் வேண்டுமென்றால், காஸுக்கு 3.125 மில்லிவோல்ட் தரும் எஸ்.எஸ்.495ஏ போன்ற சென்சார் இருக்கிறது. முதலில் எளியதில் கை பழகட்டும் என்று விட்டுவிட்டோம்.

தவறு செய்யாமல் முடியவில்லை. பாட்டில் நடுக்கால்தான் சமிக்ஞை. இந்த சென்சாரில் நடுக்கால் எர்த், மூன்றாவது கால் சமிக்ஞை. ஒயரை அதே வரிசையில் வைத்தால் ஒன்றும் நடக்காது. ஓரங்களைத் திருப்பிக் கொடுத்தால் சென்சார் சூடாகிச் செத்துப்போகும். எங்கள் முதல் சென்சார் அப்படித்தான் போனது. இரண்டாவதைப் பொருத்தியபோது, நடுமதிப்பு கைப்பிடியின் நிலைக்கு ஏற்ப நெளிந்தது. ஒரு மாலை முழுக்கத் தேடினோம். காரணம் ஸ்பிரிங். எஃகுச் சுருள் சென்சாருக்கு மிக அருகில் அசைந்து காந்தப்புலத்தை வளைத்துக்கொண்டிருந்தது. சென்சாரை ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி வைத்ததும் சரியானது. அருகில் உள்ள இரும்புத் திருகாணிகளைப் பித்தளையாக மாற்றுவதும், ஸ்பீக்கரைத் தூர வைப்பதும் நல்லது. பற்றவைக்கும் சூட்டைக் காந்தத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவை இழக்கத் தொடங்கும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்தச் சின்னக் காந்தங்கள் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடல் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வலி வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சக் காந்தங்களை எண்ணிப் பூட்டி வைத்தோம்.

விளையாட்டுக் கைக்கருவிகளின் குச்சிக்கு இவ்வளவு பாடு இப்போது தேவையில்லை. ஹால் தொகுதிகளும், அதைவிடக் குறைந்த மின்சாரத்தில் நுட்பமாக அளக்கும் டி.எம்.ஆர். தொகுதிகளும் தயாராகவே விற்கின்றன. ஒரு தொகுதிக்குப் பதினான்கு கால்களைப் பலகை கெடாமல் ஈயம் உருக்கி எடுப்பதுதான் சிரமம். பழகாத கைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் 2025-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-லும் ஹால் குச்சி இல்லை. எட்டு வருடப் புகார்களுக்குப் பிறகும்.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுநீக்கும் உரிமை' இணையவாசலைத் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பாகம் தேயும், அதன் ஆயுள் எவ்வளவு, அதற்கு மாற்று எங்கே கிடைக்கும் என்ற மூன்று தகவலையும் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று அந்தத் துறையிடம் கேட்கிறேன். தரவுத்தாளில் இருக்கும் 20 லட்சம் என்ற எண் பெட்டியில் இருந்தால், கடைக்கு வரும் அப்பா அம்மா அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கைப்பிடியை மூடி, கணினியில் அளவுத்திருத்தம் செய்தோம். திரையில் சிலுவைக்குறி நடுவில் போய் நின்றது. கைப்பிடியை ஓரம் வரை இழுத்து விட்டான். மறுபடியும் அதே இடம். இருபது முறை செய்து பார்த்தான். பிறகு ஓடுபாதை. எதிர்க்காற்று இல்லை, பக்கக் காற்று 10 நாட்.

முதல் இறக்கம் வலது பக்கம் போய்விட்டது. தேய்ந்த பாட்டுக்கு ஈடுகட்டக் கையை வலதுபக்கம் இழுத்துப் பழகியிருந்தான், அந்தப் பழக்கம் கையில் மிச்சம் இருந்தது. நோட்டில் 'வலது' என்று எழுதி, பக்கத்தில் 'என் கை' என்று சேர்த்துக்கொண்டான். ஐந்தாவது இறக்கத்தில் சக்கரம் நடுக்கோட்டில் தொட்டது.

முன்பின் அசைவுக்கான இரண்டாவது பாட் இன்னும் பழையதுதான். அலுமினியப் பட்டையை வளைத்து எபாக்சி பூசி வைத்திருக்கிறோம். இரவு முழுக்கக் காய வேண்டும்.